பதினெட்டு ‘இல்லவே இல்லை’

என் மகளுக்கு முதல் சாக்ஸ் உடனே ஏறிவிடும். இரண்டாவதுக்குத்தான் இருபது நிமிடம். அதைக் கையில் எடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி வந்து நிற்கும். லாரியின் மேல் நிற்கிற ஆள் ஏன் செருப்பு போடவில்லை என்று கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால், அது தனியாக வந்ததா குடும்பத்தோடு வந்ததா என்று இன்னொரு கேள்வி. நான் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போய் பைக்கைக் கிளப்பி ஹார்ன் அடிப்பேன். எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து என்னை முறைப்பார். கடைசியில் அவள் ஒரு காலில் சாக்ஸும் மறு காலில் வெறும் ஷூவுமாக ஓடி வருவாள். இன்னொரு சாக்ஸ் சாயங்காலம் சர்க்கரை டப்பாவில் கிடைக்கும்.

எனக்கு வேலை சிறுசேரியில். மென்பொருள் அலுவலகம் ஒன்றில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளை அனுப்புகிற பொறுப்பு. எந்த வண்டி எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் கிடையாது. ஐந்து நிமிடம் பிந்தினால் நான்கு பேர் திட்டுவார்கள். திட்டியதை மின்னஞ்சலிலும் போடுவார்கள். என்னிடம் இரண்டு கைப்பேசிகள், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும். நிமிடத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கு வாய்த்த மகளைப் பாருங்கள். நான் கோபக்காரன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டதாக ஆகக் கூடாது.

அப்போது அவள் நான்காம் வகுப்பு. கூடுவாஞ்சேரியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பள்ளி. வகுப்பாசிரியை சின்ன வயதுப் பெண். டைரியில் தினமும் ஒரு வரி எழுதி அனுப்புவார். பென்சில் கொண்டுவரவில்லை. பாதிக் கணக்கில் எழுந்து போய்விட்டாள். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறாள், அதுவும் வேறொரு கேள்விக்கான பதில். பக்கத்துப் பெண்ணின் ரிப்பனை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். இந்த டைரியும் அடிக்கடி தொலைந்துபோகும். அந்த வருடம் மட்டும் மூன்று டைரி வாங்கினோம்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செல்லம் அதிகம் என்றார்கள். போன் பார்த்துக் கெட்டுவிட்டது என்றார்கள். என் அக்கா மட்டும் வைத்தியமும் சேர்த்துச் சொன்னாள்: “ரெண்டு போடு போட்டா அடங்கிக்கும்டா. நீயும் இப்டித்தான் இருந்த.” அதையும் செய்து பார்த்தேன். அடித்த ஐந்தாவது நிமிடம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, அடிக்கறப்ப உனக்குக் கை வலிக்குமா?” என்று கேட்பாள். நக்கல் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக வரும்.

என் மனைவிக்குச் செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தம் எடுப்பவள். பச்சைக் குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அவள் இருக்கிற நேரம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே காத்திருந்த ஒரு தாயோடு பேச்சுக் கொடுத்ததில் அவளுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, “இத்துக்குன்னு டாக்டர் இருக்காங்களாம். கவனக் குறைபாடுன்னு ஒண்ணு கீதாம். அது திமிரும் இல்ல, செல்லமும் இல்லயாம். ஒரு தபா காட்டிட்டு வரலாங்க” என்றாள்.

“இன்னா, பொண்ணுக்குப் பைத்தியம்னு சொல்ல வர்றியா?” என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குச் செங்கல்பட்டிலேயே ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

டாக்டர் அம்மா மேசைக்குப் பின்னால் உட்காராமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் உள்ளே போனதும் அலமாரியைத் திறந்தாள், பொம்மை ஒன்றை எடுத்தாள், அதைப் பாதியில் விட்டு ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டாள், மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டாள். எனக்கு மானம் போனது. “ஏய், குந்து ஒரு எடத்துல!” என்று அதட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். கடைசியில் இரண்டு படிவங்களைக் கொடுத்தார். ஒன்று வீட்டில் நிரப்புவது, மற்றது வகுப்பாசிரியை நிரப்புவது. “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியும். வீட்டுல மட்டும் இப்படி இருந்தா அது ஒரு விதம், ரெண்டு இடத்துலயும் இருந்தா வேற விதம்” என்றார். என் பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. நாவலூரில் ஒரு வண்டி பஞ்சர். டாக்டர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது.

இரண்டு படிவத்திலும் அதே பதினெட்டுக் கேள்விகள். பொருள்களைத் தொலைக்கிறாரா, தன் முறைக்குக் காத்திருக்கச் சிரமப்படுகிறாரா, தொடங்கியதை முடிக்காமல் விடுகிறாரா என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. மேலே குழந்தையின் பெயர், வகுப்பு. பள்ளிப் படிவத்தில் மட்டும் கீழே ஆசிரியர் கையொப்பம். அந்தக் கையொப்ப இடத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் வீட்டில் காகிதத்துக்கு இருந்த மரியாதையைச் சொன்னால்தான் இது புரியும். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். கையளவு நிலம் கிடையாது. எங்களுக்கு வாழ்க்கையில் வந்தது எல்லாம் காகிதத்தின் வழியாகத்தான் வந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ். ஒன்று கைக்கு வந்தால் எங்கள் தெருவில் முதல் வேலை ஜெராக்ஸ், இரண்டாவது வேலை லேமினேட். என் நடத்தைச் சான்றிதழில் ‘நன்று’ என்று இருந்ததை அப்பா வேறொருவரிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அந்த இடத்தில் ‘திருப்தி இல்லை’ என்று எழுதிவிட்டார்கள், அதனால்தான் அவன் கடைசிவரை எங்கேயும் ஏற முடியவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. எங்களுக்கு விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆகவே பிள்ளையின் பெயர் போட்ட தாளில் ஒரு டீச்சர் பேனா பிடிக்கிறார் என்றால், எனக்கு அது நடத்தைச் சான்றிதழ்தான். என் மூளை வேறு பக்கம் போகவே இல்லை. பொம்பளைப் பிள்ளை வேறு. மனைவியிடம், “ஸ்கூல் படிவத்த நான் பாத்துக்கறேன், நீ வூட்டு படிவத்த எழுது” என்றேன். அவளுக்கு ஆச்சரியம். மகள் விஷயத்தில் நானாக ஒரு வேலையை எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எதற்கும் இருக்கட்டும் என்று வெற்றுப் படிவத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் டீச்சரைப் பிடித்தேன். “மிஸ், பாப்பாவோட வாழ்க்கை. கொஞ்சம் பாத்துப் போடுங்க.”

“சார், இது டாக்டருக்குத்தானே?”

“டாக்டருக்குப் போறது ஃபைலுக்குப் போகும். ஃபைல்ல இருந்து எங்கெங்க போகும்னு யாருக்கு மிஸ் தெரியும்? நாளைக்கு டி.சி.ல வந்துட்டா? நல்லபடியா போட்டுக் குடுங்க, உங்க கால்ல வேணா விழறேன்.”

அவர் பதறிவிட்டார். சுற்றிலும் பெற்றோர்கள் நின்றார்கள். பேனாவை மூடினார், திறந்தார். “எல்லாத்துக்கும் இல்லவே இல்லைன்னு போட்டா நம்ப மாட்டாங்களே சார்” என்றார். “நம்புவாங்க மிஸ், நீங்க போடுங்க” என்றேன். பதினெட்டு டிக். ஒரே வரிசை, நேர்கோடு. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் அதையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து என் ஃபைலில் வைத்தேன். அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது மகளுக்குப் பெரிய நல்லது செய்துவிட்ட நிம்மதி. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

அடுத்த முறை டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் மனைவி நிரப்பியதில் முக்கால்வாசி ‘மிக அடிக்கடி’. பள்ளிப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். “ஸ்கூல்ல ஒரு பிரச்சினையும் இல்லைன்னு வந்திருக்கே” என்றார்.

“டைரில டெய்லி எழுதி அனுப்பறாங்களே மேடம்” என்றாள் மனைவி.

“டைரி கொண்டுவந்திருக்கீங்களா?”

டைரி அந்த வாரம்தான் தொலைந்திருந்தது.

டாக்டர் மென்மையாகத்தான் பேசினார், யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டில் ஏதாவது சண்டையா, அம்மா வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார், பிள்ளை தனியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். வீட்டுச் சூழலைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து பார்ப்போம், மூன்று மாதம் கழித்து வாருங்கள், முடிந்தால் டீச்சரை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். திரும்பி வரும் மின்சார ரயிலில், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் மனைவி, “அப்ப நான்தான் காரணமா?” என்றாள். நான் கைப்பேசியில் நாளைய வண்டிகளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்தத் திரையில் ஒன்றுமே இல்லை.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் வேறு படிவம் கேட்பார், அதில் உண்மை வரும், உண்மை ஃபைலுக்குப் போகும். இந்தப் பயம் ஒரு பக்கம். மாட்டிக்கொள்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூடுதல் வேலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் மாறிப்போனாள். ஃபிரிட்ஜில் அட்டவணை ஒட்டினாள். ஐந்தரைக்குப் பால், ஆறுக்குக் கணக்கு, ஆறரைக்கு இங்கிலீஷ். மகள் அதன்மேல் வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டு அச்சு அடித்தாள். மனைவி அவளைத் திட்டாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ராத்திரிகளில் அவள் புரண்டுகொண்டே இருப்பது எனக்குத் தெரியும். நான் தூங்குவதுபோல் மூச்சு விடுவேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்குப் போனோம். மனைவியின் தம்பிக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. அங்கே பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றினால் கல்யாணம் நடக்கும் என்பது வழக்கம். மகளைப் படியில் உட்காரவைத்து மாமா எத்தனை சுற்றுச் சுற்றுகிறார் என்று எண்ணச் சொன்னேன். நன்றாகத்தான் எண்ணினாள். “ஆறு!” என்று கத்தியது கேட்டது. ஏழு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் படி காலி.

அந்தக் கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் ஈ.சி.ஆரைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் போகிற கார்கள் கண்மண் தெரியாமல் பறக்கும். நான் ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். இளநீர்க் கடையில் கேட்டேன், பூக்கடையில் கேட்டேன். செருப்பு எங்கே அறுந்தது என்று தெரியவில்லை. என் மனைவி நடு ரோட்டில் நின்று கையை நீட்டிக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தாள், மகள் இன்னும் ரோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கிறாள் என்று நினைத்தவள் மாதிரி.

மகள் கடற்கரையில் இருந்தாள். படகுக்குப் பக்கத்தில் வலையைப் பரப்பி வைத்து ஒரு அம்மா சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே என் மகள் குந்தியிருந்தாள். நண்டின் ஒவ்வொரு காலாக, நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக விடுவித்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். நான் பின்னால் வந்து நின்றதும் தெரியவில்லை, பெயரைச் சொல்லி அழைத்ததும் கேட்கவில்லை.

“உம் பொண்ணா சார்?” என்றார் அந்த அம்மா. “அர மணி நேரமா இங்கதான் குந்திகினு கீது. ஒரு காலு ஒடயாம எடுக்குது பாரு. எம் மருமவளுக்கே இவ்ளோ பொறும கெடயாது.”

நான் மகளைத் தூக்கி நிறுத்தி அறைந்தேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “இன்னா மனுசன்யா நீ, புள்ளய பாத்தா சந்தோசப்படாம!” மகள் அழவில்லை. கையிலிருந்த நண்டைக் கூடையில் மெதுவாக வைத்துவிட்டுத்தான் கன்னத்தைத் தொட்டாள்.

வாடகைக் காரில் திரும்பி வரும்போது என் கோபம் வேறு மாதிரி திரும்பியது. “பாத்தியா? அரை மணி நேரம் ஒரே எடத்துல குந்திகினு இருந்தா. இவளுக்கு இன்னா கவனக் குறைபாடு? ஒண்ணுமே இல்ல” என்று மனைவியிடம் வாதாடினேன். என் பொய் உண்மையாகிவிட்ட குஷி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, “யாரோ ஒரு அம்மாகிட்ட உட்கார்றா. எங்கிட்டதான் உட்கார மாட்டேங்கறா” என்றாள். அவளுடைய தம்பி மாலையைக் கழற்றவும் தோன்றாமல் முன் சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தான்.

இந்த நண்டு விஷயத்தை டாக்டர் பிற்பாடு எனக்கு விளக்கினார். இது கவனமே இல்லாத கோளாறு இல்லையாம். கவனம் நிறையவே இருக்கிறது. அதை எங்கே அனுப்புவது, எப்போது திருப்புவது என்பதுதான் கையில் இல்லை. பிடித்ததில் போய் ஒட்டிக்கொள்ளும், கூப்பிட்டால் வராது. பிடிக்காததில் இழுத்து உட்காரவைத்தாலும் நிற்காது. “உங்க வேலையையே எடுத்துக்குங்க. வண்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எந்த வண்டி எங்க போகணும்னு சொல்ற ஆள்தான் லேட்டா வர்றார். அதுக்கு வண்டிய அடிச்சு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டார். வளர்ப்பால் வருவதில்லை என்றும், அம்மா வேலைக்குப் போவதால் வருவதில்லை என்றும் சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டபோது, மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த என் காலை நிறுத்திக்கொண்டேன். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது நண்டு மட்டும்தான்.

மூன்றாவது மாதம் மனைவி வேலையை விடுவதாகச் சொன்னாள். யோசித்து முடித்த குரலில் சொன்னாள். “நான் அஞ்சு மணிக்கு வூட்டுல இருந்தா அவ சரியாகிடுவா. டாக்டரும் அதத்தான் சுத்தி வளச்சு சொன்னாங்க. சனிக்கெழம லெட்டர் குடுத்துடறேன்.” பன்னிரண்டு வருட வேலை அது. அந்த வேலைக்காக அவள் படித்த காலத்தில் தெருவில் பேசாத பேச்சு இல்லை. நான், “அவசரப்படாத” என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு எதற்கோ கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் தேடுவதென்றால் அவள் பீரோவையே கொட்டுவாள். தரை முழுக்க என் ஃபைல்கள், லேமினேட் போட்ட அத்தனை சான்றிதழ்கள். நடுவில் உட்கார்ந்து ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கத்த வாயெடுத்தவன் அந்தத் தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

“அப்பா, இது யாருப்பா?” என்றாள். “எம் பேரு போட்டிருக்கு. நாலாங் கிளாஸ்தான். ஆனா இந்தப் பொண்ணு ஒண்ணுமே தொலைக்கறதில்லயாம். எழுந்து போகவே மாட்டாளாம். நடுவுல பேசவே மாட்டாளாம்.”



அவள் இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். “ரொம்ப நல்ல பொண்ணுப்பா. இவ நம்ம வூட்டுல இருந்தா உனக்குக் கோவமே வராது இல்ல?”

இதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அந்தப் பெண்மேல் அவளுக்குப் பொறாமைகூட இல்லை. எனக்காக யோசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஃபைலுக்கடியில் கிடந்த கத்தரிக்கோலைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தச் சான்றிதழ்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். என் மகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்று போய், அவளை அந்தத் தாளிலிருந்தே துரத்திவிட்டிருந்தேன். அந்தப் பதினெட்டுக் கேள்விகளில் ஒன்றிலும் அவள் இல்லை.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். வெற்றுப் படிவத்தின் ஜெராக்ஸோடு ஆசிரியர் அறைக்குப் போனேன். டீச்சர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். “மிஸ், அன்னைக்கு நான் சொல்லிப் போட்டது தப்பு. உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க” என்றேன். அவர் படிவத்தை வாங்கிக்கொண்டார். “தப்பு உங்களோடது மட்டும் இல்ல சார். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல” என்றார். பிறகு உட்கார்ந்து எழுதினார். முன்பு நேர்கோடாக இறங்கிய பேனா இப்போது ஒவ்வொரு வரியிலும் நின்றது. “இது மிக அடிக்கடி. இது... இல்ல, அடிக்கடிதான், மதியத்துக்கு முன்னாடி பரவால்ல.” ஒரு கேள்வியில் சிரித்துவிட்டார். பதினெட்டு டிக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. என் இரண்டு கைப்பேசிகளும் அடித்தன. எடுக்கவில்லை.

பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டு ரயில் ஏறினேன். லெட்டரை மனைவி எந்த நேரத்திலும் கொடுத்துவிடலாம். போனில் சொல்ல முடிகிற விஷயம் இல்லை. மறைமலைநகரில் வண்டி சும்மா நின்றது. மகள் எதிர் சீட்டுக்காரரிடம் அவருடைய மீசைக்குச் சாயம் அடித்திருக்கிறாரா என்று கேட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் கிள்ளுவேன். அன்று என் கை என் முழங்காலிலேயே இருந்தது. ரயிலை உள்ளே இருந்து தள்ள முடிந்தால் தள்ளியிருப்பேன்.

பரிசோதனைக் கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். மனைவி ஒரு பெரியவருக்குக் கையில் ரப்பர் பட்டை கட்டப் போனவள், எங்களைப் பார்த்ததும் பயந்துபோய், “இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு இன்னா?” என்று எழுந்து வந்தாள். கோட் பையில் மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. லெட்டரை இன்னும் கொடுக்கவில்லை. நான் படிவத்தை நீட்டினேன்.

கையுறையோடு நின்றபடியே படித்தாள். விரல் வரி வரியாக இறங்கியது. பாதியில் நின்று, மறுபடி மேலே போனது. “நான் எழுதினதும் இதேதான்” என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்தாள். “அப்ப மொதல்ல வந்தது?”

“நான்தான் மிஸ்கிட்ட சொல்லி அப்டி எழுத வெச்சேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீங்க என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அன்று சொல்லவில்லை. “மூணு மாசம்” என்றாள். “மூணு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. பக்கத்துலதான படுத்துகினு இருந்த? தெரியாதா உனக்கு?”

“தெரியும்” என்றேன்.

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துப் படிவத்தை எட்டிப் பார்த்தாள். “காட்டும்மா, காட்டும்மா” என்று பிடுங்கிச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். பொருள்களைத் தொலைக்கிறார், ஆமா. இடத்தைவிட்டு எழுந்து போகிறார், ஆமா. கேள்வி முடியும் முன் பதில் சொல்கிறார், “ஐயய்யோ, ஆமா!” பள்ளியில் எடுத்த குரூப் போட்டோவில் தன் முகத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “அம்மா, இது நான்தாம்மா! மிஸ் கரெக்டா போட்டுட்டாங்க!”

மனைவி கோட் பையிலிருந்த லெட்டரை எடுத்துப் பார்த்தாள். கிழிக்கவில்லை. இன்னும் ஒரு மடிப்பு மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். என்னைப் பார்க்காமல், “போய் அங்க உட்காரு” என்றாள். கையுறையைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு பெரியவரிடம் போனாள். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மகள் உட்காரவில்லை. பெரியவர் பக்கத்தில் போய் நின்று, “தாத்தா, வலிக்குமா? எவ்ளோ ரத்தம் எடுப்பாங்க? திருப்பிக் குடுப்பாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி அவளை விரட்டவில்லை. ஒரு பஞ்சுத் துண்டை அவள் கையில் வைத்து, “நான் சொல்றப்ப குடு, கண்ணு” என்றாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியையே பார்த்தபடி நின்றாள். பஞ்சை அம்மா கேட்பதற்கு முன்பே நீட்டிவிட்டாள். மனைவி அதை வாங்கி விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.